பெத்தாய் மரத்துப் பரணும் இருபத்தாறு மீட்டரும்

சாவி அக்காவின் தலைக்கு மேலே பறந்து போய், கீழ்த்தளத்து உணவகத்தின் கித்தான் கூரையில் விழுந்தது. அது மூன்றாவது தடவை.

பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீடு நான்காவது மாடியில் இருக்கிறது. லிஃப்ட் பாதி நாள் வேலை செய்யாது. மோட்டார் சைக்கிள் சாவியை மறந்துவிட்டுக் கீழே போய்விட்டால் அக்கா மறுபடி ஏறமாட்டாள். என் கைப்பேசி அடிக்கும். நான் சாவியை ஒரு பழைய காலுறைக்குள் போட்டு முடிச்சிட்டு, பால்கனியிலிருந்து வீசுவேன். அவள் நிற்கும் தூரத்தைக் கண்ணால் அளந்துதான் வீசுவேன். ஆனாலும் ஒவ்வொரு தடவையும் அவளைத் தாண்டித்தான் விழும். அவளுக்கு முன்னால் விழுந்ததே இல்லை.

“வில்லு விடுறேன் வில்லு விடுறேன்னு ரெண்டு வருஷமா கிள்ளானுக்குப் போற. கீழ நிக்கிற அக்கா கைக்கு ஒரு சாவி போடத் தெரியல” என்று அவள் கத்தினாள்.

உணவகத்துக்காரர் கம்பால் கித்தானைத் தட்டிக் காலுறையை உருட்டி எடுத்தார். அவருடைய தாத்தா காலத்தில் நாகூர்ப் பக்கமிருந்து வந்த முஸ்லிம் குடும்பம். எங்கள் கட்டடத்தில் எல்லோருக்கும் அவர் அங்கிள்தான். “விடும்மா. தம்பி இன்னிக்குக் கூரையோட நிறுத்துச்சு. நாளைக்கு என் மீன் கறிச் சட்டியில போடும்” என்றார்.

நான் சிரிக்கவில்லை. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழேயே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏன் எப்போதும் தாண்டியே விழுகிறது? என் கண் அளந்தது மாடியிலிருந்து அக்கா வரைக்கும் சாய்வாகப் போகும் நீளத்தை. சாவி தரையளவில் கடக்க வேண்டியதோ அதைவிடக் குறைவு. அப்படியானால் அம்பும் இப்படித்தானே? கிள்ளான் வில்வித்தை மண்டபத்தில் என் காலும் குறிப்பலகையின் காலும் ஒரே சிமெண்டுத் தரையில். இரண்டு வருடமாக நான் கற்றதெல்லாம் அந்தச் சிமெண்டுத் தரைக்கு மட்டும்தான் உண்மையா? மாலை அலுவலகம் முடிந்து பங்சாரிலிருந்து திரும்பும் வரைக்கும் இதே நினைப்பு. இரண்டு எக்செல் தாள்களில் தப்பு விட்டேன்.

நான்காவது மாடியிலிருந்து அம்பு விட முடியாது. அது எனக்கே தெரியும். ஆனால் அங்கிளுக்குச் செமினியில் ஒரு டூசுன் இருந்தது. மலைச் சரிவில் டுரியானும் ரம்புத்தானும் நிற்கும் பழத்தோட்டம். அதில் குரங்கு விரட்டுவதற்காக நீளக் காய் தொங்கும் ஒரு பெத்தாய் மரத்தில் பரண் கட்டியிருப்பதாக அவர் முன்பு சொன்னது நினைவிருந்தது. அன்றைக்கே தே தாரிக் தேநீர் குடிக்கும் சாக்கில் போய்க் கேட்டேன்.

“எதை அடிக்கப் போற?”

“ஃபோம் மான் அங்கிள். பொம்மை.”

“பொம்மைய அடிக்க எதுக்கு மரத்துல ஏறணும்? கீழ நின்னு அடி.”

“கீழ நின்னு அடிக்கிறது தெரியும். மேலேருந்து தெரியாது. அதுதான்.”

அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு என்னைப் பார்த்தார். “இன்னும் அஞ்சு வாரத்துல டுரியான் விழ ஆரம்பிச்சிடும். என் வீட்டுக்காரம்மா விடியறதுக்கு முன்னாடி ஜெப்பூன் ரப்பர் சிலிப்பரோட புல்லுக்குள்ள நடந்து பொறுக்குவாங்க. ஒரு அம்பு அங்க கிடந்துச்சுன்னா என்ன ஆகும்னு யோசி.”

யோசித்தேன்.

“அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமை நான் வரேன். அதுவரைக்கும் ஏறு, இறங்கு, அம்பு மட்டும் விடாத. என் கண்ணு முன்னாடி மூணு அம்பு. மூணும் மான்ல நிக்கணும், இல்ல என் கையில வந்து சேரணும். ஒண்ணு தோட்டத்துல தங்குச்சுன்னாலும் அன்னியோட சரி. வருத்தப்படக்கூடாது லா.”

சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து என் தோழி தன் காரில் வந்தாள். அவளும் அதே மண்டபத்தில் அம்பு விடுகிறவள். வேலை துறைமுகத்தில், கொள்கலன் அடுக்கும் இடத்தில், பாதுகாப்புப் பிரிவு. மான் பொம்மையின் கொம்பு ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“வில்வித்தை மன்றத்துல நல்லதா இருந்தது காட்டுப்பன்னி பொம்மைதான். அங்கிள் தோட்டத்துக்கு அதக் கொண்டு போனா நம்மளக் கம்போட விரட்டுவாரு. அதான் இந்தக் கிழட்டு மான்” என்றாள்.

அவள் டிக்கியிலிருந்து எடுத்தது வில்லுக்கு முன்னால் இடுப்பு வார், தோள் வார், கொக்கி, கயிறு. ஒவ்வொரு தையலையும் விரலால் தடவிப் பார்த்தாள். “ஏறுறதுக்கு முன்னாடி மாட்டு. இறங்கின பிறகு கழட்டு. நடுவுல மூக்கு அரிச்சாலும் கொக்கியத் தொடாத.” வில்லைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறலாமா என்று கேட்டேன். அவள் வில்லைப் பிடுங்கித் தரையில் வைத்தாள். வில்லும் அம்பும் பின்னால் கயிற்றில்தான் ஏறி வந்தன.

பரண் தரையிலிருந்து ஆறு மீட்டர். கேட்கும்போது சின்ன எண். ஏணியின் கடைசிப் படியில் பலகையை மார்பால் தேய்த்து எழுந்து நின்றபோது இரண்டு கையும் மரத்தைக் கட்டிக்கொண்டன. மரம் நின்றது சரிவின் மேல் விளிம்பில். பரணுக்குக் கீழே ஆறு மீட்டர், அதற்கும் கீழே பள்ளம் ஏழெட்டு மீட்டர் இறங்கியது. டுரியான் மரங்களின் தலைகள் என் காலுக்குக் கீழே இருந்தன. இலைகளின் அடிப்பக்கம் செம்பு நிறம் என்று எனக்குத் தெரியும். மேலிருந்து பார்த்தால் காற்று வரும்போது மட்டும் அந்தச் செம்பு ஒரு நொடி புரண்டு மறைகிறது. அப்போது ஒரு இருவாச்சி பள்ளத்தைக் கடந்து பறந்தது. நான் அதுவரை பறவையைக் கீழிருந்துதான் பார்த்திருக்கிறேன். அன்றுதான் பறக்கும் ஒன்றின் முதுகைப் பார்த்தேன். இறக்கை அடிக்கும் சத்தம் எனக்குக் கீழேயிருந்து மேலே வந்தது. நான் வாயைத் திறந்தபடி நின்றதாகத் தோழி பிறகு சொன்னாள்.

அவள் மானைப் பள்ளத்தின் அடியில், ஒரு மண்மேட்டுக்கு முன்னால் நிறுத்திவிட்டு மேலே வந்து, என் பக்கத்தில் தன் கொக்கியை மாட்டினாள். அம்பு இல்லாமல் நாணை இழுத்து மானை நோக்கினேன். மெல்லத் திரும்ப விட்டேன். மறுபடி இழுத்தேன்.

“நீ குனியல. கையத் தொங்கப் போடுற” என்றாள்.

“ரெண்டும் ஒண்ணுதானே?”

“உன் விரல் இப்ப எங்க இருக்கு?”

தாடைக்கு அடியில் பதிய வேண்டிய விரல் கன்னத்தைவிட்டு விலகி நின்றது. மண்டபத்தில் ஆயிரம் தடவை ஒரே இடத்தில் பதிந்த விரல். வில் பிடித்த கையை மட்டும் கீழே இறக்கியதும் தோள், முழங்கை, தாடை எல்லாம் ஒன்றையொன்று கைவிட்டிருந்தன. செய்ய வேண்டியது வேறு. முதலில் மானையே பார்க்காமல், எதிரே காற்றில் ஏதோ பலகை இருப்பதுபோல நேராக நின்று நாணை முழுக்க இழுக்க வேண்டும். இரண்டு கையும் உடம்பும் ஒரு சிலுவை மாதிரி சேர்ந்த பிறகு, அந்தச் சிலுவை கலையாமல் இடுப்பிலிருந்து மட்டும் சாய வேண்டும்.

அந்த வாரம் முழுக்கப் பால்கனியில் உடற்பயிற்சி ரப்பர் பட்டையை இழுத்துக்கொண்டு இடுப்பை மடக்கினேன். அக்கா துணி காயப்போட வந்தவள், “யாருக்குடா இவ்வளவு மரியாதையா குனிஞ்சு கும்பிடு போடுற?” என்றாள். புதன்கிழமைவாக்கில் ஏதோ புரிந்தது. சாய்வது இடுப்பு மட்டும்தான்; அதற்கு மேலே எதுவும் மாறவில்லை. என் விரல் தாடையில் அதே இடத்தில் கிடந்தது. இவ்வளவு நாள் என் உடம்புக்குள்ளேயே ஒரு கீல் இருந்திருக்கிறது, எனக்கு யாரும் சொல்லவில்லை.

கணக்கையும் விடவில்லை. சனிக்கிழமையே கைப்பேசியின் சாய்வுமானியை அம்பின்மேல் வைத்துப் பார்த்ததில் பரணிலிருந்து மானுக்கு முப்பது பாகை இறக்கம். பூமி நேர் கீழ்நோக்கி மட்டும்தான் இழுக்கும். அதனால் சாய்வு தூரத்துக்குக் குறி வைத்தால், என் சாவியைப் போல அம்பு குறியைத் தாண்டி மேலே போகும். தரையளவுத் தூரத்துக்குத்தான் குறி வைக்க வேண்டும். முப்பது பாகைக்குச் சாய்வு தூரத்தைப் புள்ளி எட்டு ஏழால் பெருக்கினால் போதும். இதை உள்ளங்கையில் பேனாவால் எழுதி வைத்துக்கொண்டேன். என்மேல் எனக்கே கொஞ்சம் பெருமை.

ஞாயிற்றுக்கிழமை அங்கிள் ஒரு பிளாஸ்கில் தேநீரும், பொட்டலம் கட்டிய பரோட்டாவும் கொண்டு வந்தார். பள்ளத்துக்கு ஓரமாக, ஆனால் எங்களுக்கு நன்றாகப் பின்னால், தோழி காட்டிய இடத்தில் ஒரு மரக்கட்டையில் உட்கார்ந்தார். தோழி மன்றத்திலிருந்து ரேஞ்ச்ஃபைண்டர் இரவல் வாங்கி வந்திருந்தாள். ஒற்றைக்கண் தொலைநோக்கி மாதிரி இருக்கும். பொருளைப் பார்த்துப் பொத்தானை அழுத்தினால் தூரம் எண்ணாகத் தெரியும். நான் மானைப் பார்த்து அழுத்தினேன். இருபத்தாறு. பக்கத்தில் குட்டியாக ஒரு முக்கோணம். பாட்டரி அடையாளம் என்று நினைத்தேன்.

இருபத்தாறைப் புள்ளி எட்டு ஏழால் பெருக்கினேன். இருபத்திரண்டரை. வில்லில் தூரத்துக்கு ஏற்ப ஏற்றி இறக்கும் குறிவளையமான சைட்டை அந்தக் கோட்டுக்கு நகர்த்தினேன்.

நேராக நின்றேன். இழுத்தேன். விரல் தாடையில் பதிந்தது. இடுப்பிலிருந்து சாய்ந்தேன். மானின் நெஞ்சு சைட்டின் வளையத்துக்குள் வந்து நின்றது. இவ்வளவு அமைதியாக அந்த வளையம் மண்டபத்தில்கூட நின்றதில்லை. விட்டேன்.

அம்பு மானின் வயிற்றுக்குக் கீழே, கால்களுக்கு நடுவே போய் மறைந்தது. நெஞ்சுக்கு ஒரு சாண் கீழே. எந்தச் சத்தமும் வரவில்லை.

அங்கிள் பிளாஸ்கின் மூடியைத் திருகி மூடினார். அது ஒன்றுதான் கேட்டது.

மூவரும் பள்ளத்தில் இறங்கினோம். முழங்கால் உயரப் புல், காய்ந்த டுரியான் இலை, படர்ந்த பெரணிச்செடி. இரண்டு மாதம் முன்பு கடையில் அழகாக இருக்கிறதே என்று நான் ஆசையாக வாங்கிய அம்புகளுக்குப் பச்சை நிற இறகு. அதை அந்த நேரத்தில்தான் நினைத்துப் பார்த்தேன். காலால் புல்லை விலக்கிக்கொண்டே மண்மேடு வரைக்கும், அதையும் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்து வேலி வரைக்கும் தேடினேன். இல்லை. அங்கிள் மானுக்குப் பக்கத்தில் நின்றபடி புல்லைப் பார்க்கவில்லை, தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அங்கிள், இன்னும் கொஞ்சம் டைம் கொடுங்க” என்றேன்.

“எடுத்துக்க. நான் ஒண்ணும் சொல்லலையே.”

நான் மறுபடி வேலிப் பக்கம் ஓடினேன்.

தோழி நடக்கவேயில்லை. யோசித்துக்கொண்டு நின்றாள். பிறகு, “ஓடாத. மேல போ. சாமான் இழுக்கிற கயிறோட ஒரு முனைய உன் கண் உயரத்துல பிடி. இன்னொரு முனைய நான் மான்கிட்ட இழுக்கிறேன். அம்பு போன கோடு தெரியும்” என்றாள்.

கொக்கி மாட்டி ஏறினேன். கயிறு பள்ளத்துக்கு மேலே விறைப்பாக நின்றது. கீழே அவள் கடைசி முனையை மானின் முதுகில் வைத்துப் பிடித்தபடி மேலே பார்த்தாள்.

“டேய், கயிறு முடிஞ்சு போச்சு.”

“அதனால என்ன?”

“இது முப்பது மீட்டர் கயிறு. கடையில அளந்து வெட்டி வாங்கினது. மெஷின் எவ்வளவு காட்டுச்சு?”

“இருபத்தாறு.”

அப்போதுதான் உறைத்தது. அந்த முக்கோணம் பாட்டரி இல்லை. சாய்வைக் கணக்கில் எடுத்து, கழிக்க வேண்டியதைக் கழித்துத் தரையளவுத் தூரத்தைத்தான் கருவி காட்டியிருக்கிறது. கழித்ததை நான் இன்னொரு தடவை கழித்திருக்கிறேன். கணக்குத் தெரியாதவன் இருபத்தாறு என்று வைத்து நேராக அடித்திருப்பான்.

வெட்கத்துக்கு நடுவிலும் எனக்குச் சிலிர்த்தது. மூன்றரை மீட்டர் குறைத்துக் கணக்குப் போட்டேன். அம்பு ஒரு சாண் கீழே போனது. சொல்லி வைத்த மாதிரி. என் கை தப்பு செய்யவில்லை, இடுப்பு தப்பு செய்யவில்லை, அந்த அம்பு எனக்குச் சொன்ன பேச்சைத் துளியும் மீறவில்லை. அப்படியானால் அது எங்கே போயிருக்கும் என்பதும் தெரியும்.

“கயித்த வயித்துக்குக் கீழ இறக்கு. அப்படியே அதே சாய்வுல மண்ணு வரைக்கும் நீட்டிப் பாரு” என்றேன்.

கயிறு போதவில்லை. மிச்சத்துக்கு அவள் ஒரு குச்சியை வைத்து நீட்டினாள். குச்சியின் நுனி மானுக்குப் பின்னால் ஒரு முழம் தள்ளி, காய்ந்த இலைகளைத் தொட்டது. நான் வேலி வரைக்கும் ஓடித் தேடியிருந்தேன். அவள் இலையை விலக்கினாள். கீழே பச்சை இறகு.

அங்கிள் குனிந்து பார்த்தார். அம்பு பாதிக்கு மேல் ஈர மண்ணுக்குள் இறங்கியிருந்தது. அவர் அதை ஆட்டாமல், வந்த வழியிலேயே பின்னால் இழுத்து எடுத்தார். நுனியில் ஒட்டிய மண்ணைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு தலையை உயர்த்தி மரத்தைப் பார்த்தார், மறுபடி ஓட்டையைப் பார்த்தார்.

“தப்பினது இங்கயே நிக்குதே.”

“மேலேருந்து வருதுல்ல அங்கிள், மண்ணுதான் பிடிக்கும்” என்றாள் தோழி.

“தரையில நின்னு அடிச்சிருந்தா?”

“புல்லுக்கு அடியில வழுக்கிட்டு எங்கயாவது போயிருக்கும்.”

“அப்ப அன்னிக்கு நான் கீழ நின்னு அடின்னு சொன்னது தப்பு” என்றார் அவர். என்னைப் பார்த்து, “என்னப்பா, மேலேயே குடும்பம் நடத்தப் போறியா? இன்னும் ரெண்டு இருக்குல்ல?” என்றார்.

அவர்கள் இருவரும் பள்ளத்திலிருந்து ஏறி எனக்குப் பின்னால் வரும்வரை காத்திருந்தேன். சைட்டை இருபத்தாறுக்கு நகர்த்தினேன். உள்ளங்கை எழுத்தை எச்சில் தொட்டு அழித்தேன்.

நேராக நின்றேன், இழுத்தேன், சாய்ந்தேன். வார் இடுப்பைப் பிடித்துக்கொண்டது. என் பாரம் முழுவதும் அந்த வாருக்கும் பலகைக்கும் போய்விட, கையில் வில் மட்டும் இருந்தது. விட்டபோது விட்டதாகவே தெரியவில்லை. மண்டபத்தில் அம்பு ஒரு கோடு, பார்ப்பதற்குள் முடிந்துவிடும். இங்கே பள்ளத்தின் பச்சைக்கு மேலே அதன் முதுகு எனக்குத் தெரிந்தது. இறகுகள் சுழன்றன. முதலில் அது இறங்கவே மனமில்லாததுபோல நீண்டு போனது, பிறகு தலையை மெல்லச் சாய்த்தது. நான் இழுத்து, நான் விட்டது. ஆனால் அந்தச் சாய்வை நான் கொடுக்கவில்லை. இந்த மரத்தையும் பள்ளத்தையும் என்னையும் பிடித்து வைத்திருக்கிற ஒன்று கொடுத்தது. மானின் நெஞ்சில் இறகு பூத்தது. அதற்கு அப்புறம்தான் ‘டப்’ என்று கேட்டது.

மூன்றாவது அம்பு அதிலிருந்து இரண்டு விரல் தள்ளி நின்றது.

பரோட்டா ஆறிப்போயிருந்தது. மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிட்டோம். அங்கிள் மூன்று அம்புகளையும் மடியில் வைத்து எண்ணினார், இறகைத் தடவினார். “முதல்ல இந்தப் பச்சைய மாத்து. ரோடு போடுறவங்க சட்டை போடுவாங்களே, அந்த ஆரஞ்சு. ஒவ்வொரு வாரமும் எத்தனை வந்துச்சோ அத்தனையும் என்கிட்ட எண்ணிக் காட்டிட்டுத்தான் போகணும். முதல் டுரியான் விழுற வரைக்கும் பரண் உங்களுக்கு.”

“சரி அங்கிள்.”

அவர் எழுந்து, போன வருடத்துக் காய்ந்த, முள்ளுள்ள டுரியான் தோடு ஒன்றைப் புல்லிலிருந்து பொறுக்கினார். மரத்திலிருந்து நாலே எட்டு நடந்து, அதைத் தரையில் வைத்தார். பரணுக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே.

“தூரத்துல இருக்கிறத அடிச்சுட்ட. இது பக்கத்துல இருக்கு. இத அடிப்பியா?”

“இதென்ன அங்கிள், கல்லப் போட்டாலே விழும்” என்றாள் தோழி.

நான் ஏற்கெனவே ஏணியில் பாதி தூரம் இருந்தேன். அம்பு எடுக்கவில்லை, சும்மா இழுத்துப் பார்க்கத்தான். இடுப்பை மடக்கினேன். போதவில்லை. இன்னும் மடக்கினேன், வார் விலா எலும்பில் அழுந்தியது, வில்லின் கீழ்க்கொம்பு பலகையில் இடித்தது. தோடு என் கால் விரலுக்கு அடியில் எங்கேயோ இருந்தது. தரையளவில் மூன்று மீட்டர். என் சைட்டில் மூன்று மீட்டருக்குக் கோடே கிடையாது. அதைவிட மோசம், இவ்வளவு கிட்டத்தில் கண்ணுக்கும் அம்புக்கும் நடுவே இருக்கும் நாலு விரல் இடைவெளியே பெரிய தூரம். கண் தோட்டைப் பார்க்கும், அம்பு அதற்கு நாலு விரல் கீழே தள்ளிப் போகும்; அதைத் தூக்க நீண்ட தூரத்துக் கோடுதான் வேண்டும். அப்படியானால் மூன்று மீட்டர் தோட்டுக்கு இருபது மீட்டர்க் கோட்டை வைக்க வேண்டுமா? இல்லை முப்பதா?

அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்கு, வில் இடிக்காமலிருக்க, பரண் பலகையின் ஒரு ஓரத்தை ஒரு சாண் அறுத்துக்கொள்ள அங்கிளிடம் அனுமதி வாங்கியாகிவிட்டது. ஆரஞ்சு இறகு வாங்கியாகிவிட்டது. பால்கனியில் அக்காவின் ஹெல்மெட்டைத் தரையில் வைத்து, நாற்காலியில் ஏறி நின்று குனிந்துகொண்டிருக்கிறேன். ஞாயிறன்று தோட்டுக்கு முதல் அம்பை முப்பதுக் கோட்டில் வைத்து விடப்போகிறேன்.